படப்பை மாமாவுக்கு, குவின்டே விரிகுடாவிலிருந்து

பெல்வில், ஒன்டாரியோ
நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கே மழை பிடித்துக்கொண்டது, ஏரி கலங்கல் தாண்டிப் போகிறது, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் லாரிகளுக்கு நடுவே சின்னவன் பைக்கைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போகிறான் என்று அம்மா சொன்னாள். போன வாரம் போனில் நீங்கள் கேட்டீர்களே, "அங்க ஏரி இருக்குதாடா, நீ என்னத்தப் பிடிக்கிற?" என்று. வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஏரி இருக்கிறது மாமா. ஒன்டாரியோ ஏரி. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அது அமெரிக்கா. அதன் வடகிழக்கு மூலையில் ஊருக்குள் வளைந்து வளைந்து புகுந்திருக்கிறது குவின்டே விரிகுடா. கோடை முழுக்கப் பெரிய ஏரியில் சுற்றிய வால்ஐ மீன்கள், குளிர் தொடங்கும்போது சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு இதற்குள் வந்து சேரும். வால்ஐயின் கண்ணுக்குள் பூனைக்கு இருப்பதுபோல ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால் அரையிருட்டில்தான் வேட்டை. ஆகவே நாமும் அரையிருட்டில், கை விரைக்கிற குளிரில் படகில் இருக்க வேண்டும். நிற்கிறவர்கள் எல்லாம் பென்ஷன் வாங்கும் வயதில், வீட்டில் ஹீட்டர் உள்ளவர்கள்!

என்னை இதில் இழுத்துவிட்டவர் ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். படகு அவருடையது. தூண்டில் போட எனக்கு அரசாங்க அட்டை, அதற்கு மேல் உரிமம், அதிலும் இரண்டு வகை: கொஞ்சம் காசு கொடுத்தால் கொஞ்சம் மீன், கூடக் கொடுத்தால் கூட. நம் ஏரிக்கரையில் யாராவது வந்து உங்களிடம் "அட்டை எங்கே?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பணம் கட்டினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, மண்புழு கோத்துப் போட்டுவிட்டு, அது முழுகுவதற்குள் தினத்தந்தியை வரி விடாமல் முடித்துவிடுவீர்கள். இங்கே தக்கையும் இல்லை, புழுவும் இல்லை. விரல் நீளத்தில் ஓர் உலோகத் தகடு. அடிவயிற்றில் ஈயம், முதுகில் வரிசையாக ஓட்டைகள், கீழே முள். முன் ஓட்டையில் நரம்பை மாட்டினால் தகடு சன்னமாக நடுங்கும், பின் ஓட்டையில் மாட்டினால் பெரிதாக ஆடும். வீச வேண்டியதில்லை. படகுக்கு நேர் கீழே இறக்கி, தரை தொட்டதும் ஓர் அடி தூக்கி, மறுபடி விட வேண்டும். கிணற்றில் வாளி முங்குவதற்குக் கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவோமே, அதே மணிக்கட்டு வேலைதான். நான் உற்சாகத்தில் உயர உயரத் தூக்கினேன். அண்ணன் சொன்னார்: "தம்பி, ஏன் அந்தரப்படுறீர்? ஒரு அடி காணும். மெல்லமா இறக்கும்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, காற்று அதைக் கலக்க, ஏரியே ஒருமுறை தலைகீழாகப் புரள்கிறது. அதன்பிறகு சின்ன மீன்கள் ஆழத்துக்குப் போகும், பெரியவை பின்னாலேயே போகும். குளிரில் மீனுக்குத் துரத்த மனசில்லை. மூக்குக்கு முன்னால் எதுவோ நடுங்கிக்கொண்டு விழுந்தால் மட்டும் வாயைத் திறக்கும். பெரும்பாலும் விழும்போதுதான் கடி. செம்பரம்பாக்கம் நிரம்பினாலே 24 அடிதான். இங்கே நான் தகட்டை 40 அடிக்கு இறக்கி, ஓர் அடிக்குள் வித்தை காட்டுகிறேன்.

தகடு இல்லையென்றால் பின்லாந்துச் சரக்கு. 1936இல் லவுரி ராப்பலா என்ற மீனவர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசி ஒரு பொய்மீன் செய்தார். 1962இல் மர்லின் மன்றோவை அட்டையில் போட்ட லைஃப் இதழ் உள்ளே இந்தப் பொய்மீனைப் பற்றியும் எழுத, அமெரிக்கா முழுக்கக் கிராக்கி. அவர் பெயரிலான கம்பெனியின் ஒரு வகைக்கு முதுகின் நடுவில் வளையம். தூக்கிவிட்டால் வட்டமடித்துக்கொண்டு இறங்கும்.

படகில் மீன் காட்டும் டிவியும் உண்டு. என் தகடு கோடாக இறங்குவதும், ஒரு மீன் எழும்பி வந்து பார்ப்பதும், பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் திரையில் தெரியும். நம் ஏரியில் எத்தனை மீன் நம்மை வேண்டாமென்று போயிற்றோ, தெரியாமலே மானத்தோடு வாழ்ந்துவிட்டோம்.

ஸ்மால்மவுத் பாஸ் என்று இன்னொன்று, வெண்கல நிறம். அளவில் சின்னது, ஆனால் நம் விராலுக்கு அண்ணன், அப்படி இழுக்கும். பெரும்பாலோர் அதை முத்தம் கொடுக்காத குறையாகப் படமெடுத்து விட்டுவிடுவார்கள். ரொம்ப ஆழத்திலிருந்து சட்டென்று தூக்கினால் அதன் காற்றுப் பை ஊதி, திரும்பக் கீழே போக முடியாமல் மிதக்கும் என்பதால், அந்த ஆழத்தில் அதைத் தேடவே கூடாது என்கிறார் அண்ணன்.

வால்ஐயைச் சாப்பிடலாம். ஆனால் அதற்கும் அரசாங்கப் புத்தகம்: எந்த ஏரி, எந்த மீன், எத்தனை சென்டிமீட்டர், மாதத்துக்கு எத்தனை வேளை! பாதரசம் பெரிய மீனில் அதிகமாம். அத்தை வைக்கும் குழம்புக்கு இது ஆகாது. வெள்ளைச் சதை, புளி பட்டதும் உதிர்கிறது. மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் பிழைக்கும்.

இந்த மீன்பிடியில் திருட்டும் உண்டு. 2022இல் கிளீவ்லாந்தில் ஈரி ஏரிப் போட்டி ஒன்றில், எடை கூட்ட மீன் வயிற்றில் ஈயக்குண்டு திணித்த இரண்டு பேர் மாட்டி, மறுவருடம் 10 நாள் சிறைத் தண்டனை பெற்றார்கள். நம் சந்தையில் தராசைச் சந்தேகப்படுவோம். அங்கே மீனையே அறுத்துப் பார்த்தார்கள்.

டிசம்பரில் ஒரு பையன் குரோம்பேட்டை வருகிறான். அவனிடம் இரண்டு தகடு கொடுத்தனுப்புகிறேன். ஏரியில் போட்டுவிடாதீர்கள், கருவேலமும் ஆகாயத்தாமரையும் முதல் இழுப்பிலேயே வாங்கிக்கொள்ளும். மணிமங்கலம் ரோட்டுத் தோட்டத்தில் விரால் கிடக்கிறதே, அந்தக் கிணற்றில் இறக்குங்கள். நேர் கீழே இறக்க அதைவிட நல்ல இடம் கனடாவிலேயே கிடையாது. முள்ளுக்கு மூன்று கூர், குறடு கையிலேயே இருக்கட்டும். விரால் மாட்டினால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் அனுப்புங்கள். சென்டிமீட்டர் சொல்லாவிட்டால் அண்ணன் நம்பமாட்டார்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்