பி.ஐ.டி. தெரிந்தவர்போல் நடந்துகொள்வது எப்படி?

பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். மிஷின் பேனலில் வரிசையாகச் சின்னப் பெட்டிகள், அதாவது சூட்டுக் கன்ட்ரோலர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். பி.வி. என்பது பிளாஸ்டிக்கை உருக்கும் பேரல் இப்போது இருக்கும் சூடு. எஸ்.வி. என்பது நீங்கள் கேட்ட சூடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் கைகட்டி நின்று தலையாட்டுங்கள். வேறாக இருந்தால் "சென்சார் போச்சு" என்று சொல்லுங்கள். பாதி நாள் பிழைப்பு இதிலேயே ஓடிவிடும்.

காலையில் பேரல் ஆறிக்கிடக்கும். பாலிப்ரொப்பிலீனுக்கு 220 டிகிரி வேண்டுமென்றால் 280 வையுங்கள், சீக்கிரம் ஏறும் என்ற நம்பிக்கையோடு. ஹீட்டருக்கு அந்த நம்பிக்கை எட்டாது. 220 கேட்டாலும் 280 கேட்டாலும் ஆரம்பத்தில் அது முழு பவரில்தான் எரியும். திரும்பக் குறைக்க மறந்து டீக்குப் போய்விட்டால் மெட்டீரியல் மஞ்சளாகும். ரிப்போர்ட்டில் "கலர் வேரியேஷன்" என்று எழுதுங்கள்.

அடுத்து, கன்ட்ரோலர் ஹீட்டரை எப்படி எரிப்பது என்று முடிவுசெய்யும் அந்த மூன்று எழுத்து, பி.ஐ.டி. 'பி' இப்போதைய குறையை மட்டும் பார்க்கும். தனியாக விட்டால், 220 கேட்ட இடத்தில் 214-லேயே நின்றுவிடக்கூடும். இந்த மிச்சத்துக்கு ஆஃப்செட் என்று பெயர். 'ஐ' கந்துவட்டிக்காரரைப் போலப் பழைய பாக்கியைக் கூட்டிக்கொண்டே போய் அந்த 6 டிகிரியை வசூலித்துவிடும். 'டி' ஏறுகிற வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே அடக்கும். இதையெல்லாம் யாருக்கும் விளக்காதீர்கள். "ஐ கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்று முணுமுணுத்தால் போதும், மறுத்துப் பேச ஆளிருக்காது.

இந்த மூன்றுக்கும் போட வேண்டிய எண்களைக் கண்டுபிடிக்க ஜீக்லர், நிக்கல்ஸ் என்ற இரண்டு அமெரிக்க இன்ஜினியர்கள் 1942-ல் வழி எழுதிவைத்தார்கள். உங்களுக்கு அது எதற்கு? ஆட்டோ டியூன் இருக்கிறதே. புரொடக்‌ஷன் முழு வேகத்தில் ஓடும்போது பார்த்து அழுத்துங்கள். சூட்டை வேண்டுமென்றே ஏற்றி இறக்கித்தான் அது கற்றுக்கொள்ளும். அதுவரை விழும் பீஸ்கள் நேராக ஸ்க்ராப்புக்கு.

உண்மையான கைவரிசை சென்சார் மாற்றுவதில்தான். தெர்மோகப்புள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைச் சேர்க்கை. சூட்டுக்கேற்பச் சில மில்லிவோல்ட் தரும். ஜே டைப்பில் இரும்பும் கான்ஸ்டன்டனும், கே டைப்பில் குரோமெலும் அலுமெலும். ஸ்டோரில் ஜே இல்லையா? கே-யை மாட்டுங்கள், கன்ட்ரோலரில் டைப்பை மாற்றாதீர்கள். ஜே 220 டிகிரியில் தரும் 11.9 மில்லிவோல்ட்டைக் கே தருவதற்கு 290-க்கு மேல் போக வேண்டும். டிஸ்ப்ளே சாதுவாக 220 காட்டும், பேரல் 290 தாண்டி வேகும். பிளஸ், மைனஸையும் மாற்றி மாட்டினால் இன்னும் விசேஷம்: சூடு ஏற ஏற எண் இறங்கும், கன்ட்ரோலர் பதறி மேலும் எரிக்கும்.

சென்சார் துளையில் சரியாக உட்காராமல் 12 டிகிரி குறைத்துக் காட்டுகிறதா? ஸ்பானரைத் தேடாதீர்கள். மெனுவில் பயாஸ் என்று ஒன்று உண்டு. அதில் 12 போட்டுக் கணக்கைச் சரிக்கட்டுங்கள். என்றாவது ஒரு நல்ல மனிதர் சென்சாரை உள்ளே தள்ளி இறுக்குவார். பயாஸ் அப்படியே இருக்கும், பேரல் 12 டிகிரி குறைவாக ஓடும், மோல்டு நிரம்பாது. ஆனால் அது அடுத்த ஷிஃப்ட்காரர் பாடு.