குழிக்கு உடையவர் யார்?

நியூ ஜெர்சியிலிருந்து

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்க்கு,

அமெரிக்கச் சாலைகளில் குழியே இராது என்றும், அந்நாட்டு நகராட்சிக் கூட்டங்களில் குரலே உயராது என்றும் ஊரில் நிலவும் நம்பிக்கை இரு வகையிலும் பிழையானது என்பதை, நியூ ஜெர்சி மாநிலத்துச் சிறுநகர் ஒன்றின் மன்றக் கூட்டத்துக்கு மார்ச் மாதத்தில் ஒருமுறை சென்றுவருபவர் எவரும் எளிதில் உணர்வார்.

அங்கே சாலைக்குழி ஒரு பருவப் பயிர். தார்ச்சாலையின் வெடிப்புகளில் இறங்கும் பனிநீர் இரவில் உறைந்து, ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்துத் தாரை மேலே தூக்கிவிட, பின்னர் அது உருகியதும் அடியில் உண்டாகும் வெற்றிடத்தின்மீது லாரி ஏறியிறங்குகையில் குழி விழுகிறது. சூடான தார்க்கலவை தயாரிக்கும் ஆலைகள் பலவும் கடுங்குளிரில் மூடிக் கிடப்பதால், வசந்தம் வரும்வரை ‘கோல்டு பேட்ச்’ எனப்படும், சூடேற்றாமலே கொட்டி அமுக்கும் கலவையைக் கொண்டு ஒட்டுப் போடுகிறார்கள். பனி வழிக்கும் வண்டி அடுத்த முறை வரும்வரை அந்த ஒட்டு தாக்குப்பிடித்தால் அது பொதுப்பணித் துறையின் சாதனையாகவே கொள்ளத்தக்கது.

இக்குழிகளைப் பற்றிப் பேசக் கூடும் மன்றம் முறைமையில் சிறிதும் குறைவைப்பதில்லை. 1975ஆம் ஆண்டின் திறந்த பொதுக்கூட்டச் சட்டப்படி கூட்டத்தின் அறிவிப்பு 48 மணி நேரத்துக்கு முன்பே வெளியாகவேண்டும் என்பது மட்டுமன்றி, அவ்வாறு வெளியானது என்று கூட்டத்தின் தொடக்கத்தில் வாய்விட்டு அறிவிக்கவும் வேண்டும். கொடிக்கு வணக்கம் சொன்ன பிறகு ‘கன்சென்ட் அஜெண்டா’ வருகிறது. கருத்துவேறுபாடு எழாது எனக் கருதப்படும் தீர்மானங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே வாக்கெடுப்பில் நிறைவேற்றும் ஏற்பாடு இது. கான்ட்ராக்டர்களுக்கான பட்டுவாடா உட்படப் பல இலட்சம் டாலர் ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் கடந்துபோவதை, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் எவரேனும் காண நேர்ந்தால், தம் பணிக்காலம் முழுவதையும் வீணாகக் கோப்பு புரட்டியே கழித்துவிட்டதாக ஏங்கக்கூடும்.

பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கவேண்டும் என்பதும் சட்டமே. எவ்வளவு நேரம் என்பதை மட்டும் மன்றம் தீர்மானித்துக்கொள்ளலாம். மூன்று நிமிடம் தரும் மன்றங்களில், முதலில் பெயரையும் முகவரியையும் சொல்லவேண்டியிருப்பதால், நாலெழுத்துப் பெயர் கொண்ட ஐரிஷ்காரர் குழிக்கு வந்துசேரும் வேளையில், தந்தை பெயரையும் சேர்த்து எழுத்துக்கூட்டும் தமிழர் தம் பெயரின் பாதியில்தான் நிற்பார். அவர் ஒருவழியாகக் குழிக்கு வந்துசேர்ந்ததும், நீலப் பின்னணியில் மஞ்சள் எண் பொறித்த ஐங்கோணப் பலகை அவ்விடத்தில் உண்டா என்று மேடையிலிருந்து கேள்வி வரும். அந்தப் பலகை இருந்தால் அது கவுண்டிச் சாலை, அதாவது மாவட்டத்துக்கு ஒப்பான நிருவாகப் பிரிவுக்கு உரியது; ஆகவே அக்குழியின்மீது நகராட்சிக்கு அனுதாபம் உண்டே தவிர அதிகாரம் கிடையாது.

சொத்துவரியின் கதையோ இதனினும் சுவையானது. 2024இல் அம்மாநிலத்து வீடு ஒன்றின் சராசரிச் சொத்துவரி முதன்முறையாகப் பத்தாயிரம் டாலரைத் தாண்டி 10,095 டாலரை எட்டியது. இதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பள்ளிகளுக்குச் செல்ல, எஞ்சியதை நகராட்சியும் கவுண்டியும் பகிர்ந்துகொள்கின்றன; எனினும் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு தவணைகளில் முழுத்தொகையையும் வசூலிப்பது நகராட்சியே என்பதால், பணம் மூவருக்கும் போக, வசவு மட்டும் பங்கிடப்படாமல் மன்றத்துக்கே வந்து சேர்கிறது.

நிவாரணம் தருவது மாநில அரசு. பள்ளிகளுக்கான நிதியமைப்பு சீராகாததால் 1976 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிகளையே மூடச்செய்தபோது, ஆளுநர் பிரெண்டன் பைர்ன் காலத்தில் மாநில வருமான வரி பிறந்தது. அவ்வருவாய் சொத்துவரிச் சுமையைக் குறைக்கவே செலவாகவேண்டும் என அரசமைப்பிலும் எழுதப்பட்டது. ஆக, பழைய வரியின் வலிக்கு மருந்து புதிய வரி என்பது அரைநூற்றாண்டுக் கொள்கையாகும். 2022இல் அறிவிக்கப்பட்ட ‘ஆங்கர்’ திட்டத்தின்கீழ், 2024ஆம் ஆண்டுக்கு, ஒன்றரை இலட்சம் டாலர் வரை வருமானமுள்ள வீட்டுக்காரருக்கு 1,500 டாலரும், அதற்குமேல் இரண்டரை இலட்சம் வரை உள்ளவருக்கு 1,000 டாலரும், ஒன்றரை இலட்சத்துக்குள் வருமானமுள்ள வாடகைக்காரருக்கு 450 டாலரும், 65 வயது நிறைந்தோர்க்குக் கூடுதலாக 250 டாலரும் என்று வகுக்கப்பட்டிருந்தது. வலக்கையால் பத்தாயிரம் கட்டியவர் இடக்கையில் ஆயிரத்தைந்நூறு வந்ததும் அன்று மாலையே குடும்பத்தோடு சரவண பவனுக்குப் புறப்படுவதைக் காண்கையில், கணக்குப் பாடத்தில் தமிழர் வல்லவர் என்ற புகழ் சற்றே ஆட்டங்காண்கிறது.

குறை கேட்பவருக்குச் சாலை சொந்தமில்லை, வரி வாங்குபவருக்கு நிவாரணம் தரும் அதிகாரமில்லை என்றால், அம்மூன்று நிமிடப் பேச்சால் பயன் என்ன என்ற கேள்வி எழும். பயன் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. சாலையின் கேட்டால் இழப்பு நேர்ந்தால், 90 நாள்களுக்குள் எழுத்துமூலம் உரிமை கோரவேண்டும் என்று விதிக்கும் மாநிலச் சட்டம், அந்தக் கேடு உரிய அமைப்புக்கு முன்பே தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா என்பதையும் பார்க்கிறது. நகராட்சிச் சாலையின் குழி குறிப்பில் ஏறிவிட்டால் ‘தெரியாது’ என்ற விடை அதன்பின் எடுபடுவது கடினம் என்பதனாலேயே, மறுவாரம் அங்கே ஒட்டுப்போடும் வண்டி வந்து நிற்கிறது.

ஆகவே வரும் கிராம சபையில் நம் தெருக்குழி பேசப்படுமானால், பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பின்னரே பெரியோர்கள் கையெழுத்திடுவது நலம். வெற்றுத்தாளில் முதலில் கையெழுத்தும் பிறகு தேநீரும் என்ற வரிசை மாறவேண்டும்.

இப்படிக்கு,
அமெரிக்காவாழ் ஊர்க்காரர்