பிங் போகிறது, புகார் முடிந்தது

கணினி ஆய்வகப் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருக்கும் மேன்மை தங்கிய பொறுப்பாளர் சமூகத்துக்கு,

ஐயா,

பண்பொழியிலிருந்து ஓர் ஆய்வக ஊழியன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு சாரல் நன்றாக இருக்கிறது. கணினிகள்தான் நனையாமலே உறைந்து நிற்கின்றன.

ஹார்டு டிஸ்க் இருந்தால்தானே கெட்டுப்போகும், இல்லாமலே வாங்கிவிடுவோம் என்ற தங்கள் தொலைநோக்கை முதலில் பாராட்ட வேண்டும். பொத்தானை அமுக்கினால் பெட்டி நெட்வொர்க்கில் குரல் கொடுத்து, முகவரி வாங்கி, கெர்னலை இறக்கி, மற்ற சகலத்தையும் சர்வரிலிருந்து என்.எஃப்.எஸ். வழியாக எடுத்துக்கொள்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த ஏற்பாடு. ஏற்பாட்டில் குற்றமில்லை.

ஒரு மாணவி மட்டும் உட்கார்ந்தால் ஓடுகிறது. வகுப்பு முழுக்க உட்கார்ந்தால் திரையில் ஒரு வரி வருகிறது: சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். ஹார்டு மவுண்ட் ஆயிற்றே, முயற்சியைக் கைவிடாது. தங்கள் அலுவலக பெஞ்சில் மனுவோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப்போல, பதில் வரும்வரை அப்படியே இருக்கும். உடனே ஆள் அனுப்பி அதை சாஃப்ட் மவுண்டாக மாற்றினீர்கள். இப்போது காத்திருப்பதில்லை, சற்று நேரத்தில் கையை விரித்து, பாதி எழுதிய கோப்பைப் பாதியிலேயே விட்டுவிடுகிறது. பெரியவரே தேவலை.

கோளாறு என்னவென்று பார்க்கப் போனால், பிழைப்பதிவு போய்ச் சேரும் இடமும் அதே சர்வர். சோதிக்கும் கருவி இருப்பதும் அதிலேதான். சர்வர் பேசவில்லை என்று எழுதி வைக்கவும் சர்வரின் தயவு வேண்டும். இந்த நிர்வாக நுட்பத்தை அது தங்களிடம் கற்றதா, தாங்கள் அதனிடம் கற்றீர்களா என்பது ஆராய வேண்டிய விஷயம்.

காரணங்களில் தாங்கள் குறை வைக்கவில்லை. மழை என்றீர்கள், இடி என்றீர்கள், பிள்ளைகள் கீபோர்டை வேகமாகத் தட்டுகிறார்கள் என்றீர்கள். எங்கள் ஊர்த் திருமலை முருகனிடமும் முறையிட்டாயிற்று. அவர் படியேறி வந்தால் போதும் என்கிறார், டிக்கெட் எண் கேட்பதில்லை. கடைசியாகத் தங்கள் ஆள் வந்து, சர்வர் குரல் கொடுக்கிறதா என்று பிங் அடித்துப் பார்த்தார். பதில் வந்தது. புகார் முடிக்கப்பட்டது.

ஐயா, அந்தப் பிங் வெறும் 64 பைட். கோப்பு வருவதோ 8192 பைட் கட்டுகளாக, அதுவும் பழைய யு.டி.பி. வழியில். ஈதர்நெட் ஒரு நடைக்கு 1500 பைட்தான் சுமக்கும் என்பதால் ஒரு கட்டு ஆறு துண்டாகிறது. ஒரு துண்டு தொலைந்தால் மற்ற ஐந்தும் குப்பை. முழுக்கட்டையும் மறுபடி கேட்க வேண்டும். அந்த மறு கோரிக்கைகளால் நெரிசல் இன்னும் கூடுகிறது.

துண்டு ஏன் தொலைகிறது? சுவிட்சில் சர்வர் செருகிய போர்ட்டுக்கு மட்டும் ஃபுல் டூப்ளெக்ஸ் விளக்கு எரியவில்லை. சர்வர் பக்கம் யாரோ புண்ணியவான் 100 ஃபுல் என்று கையால் பூட்டியிருக்க வேண்டும். சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறது. எதிர்முனை வாய் திறக்காததால் அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிட்டது. ஒரு முனை பேசிக்கொண்டே கேட்கிறது, மறுமுனை அதை மோதல் என்று எண்ணி விட்டெறிகிறது. சின்னப் பிங் தப்பித்துவிடும். கூட்டம் சேர்ந்தால்தான் சாயம் வெளுக்கும்.

லினக்ஸ் கெர்னலே 2020-இல், 5.6 பதிப்பில், யு.டி.பி. வழி என்.எஃப்.எஸ்-ஐ இயல்புநிலையிலேயே அணைத்து வைத்துவிட்டது. தங்களுக்குச் சுற்றறிக்கை வரவில்லை போலும். இதே வட்டாரத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஸோஹோகாரர்கள் கடல் தாண்டி மென்பொருள் விற்கிறார்கள். எங்களுக்கு ஒரு சுவர் தாண்டிக் கோப்பு வந்தால் போதும்.

நானே செய்திருப்பேன். சர்வர் அறைச் சாவியும் பாஸ்வேர்டும் தங்களிடம் இருக்கின்றன.

ஆகவே, இரு முனையையும் ஆட்டோவில் விடுங்கள். மவுண்டை டி.சி.பி.க்கு மாற்றி, பழையபடி ஹார்டாக வையுங்கள். அடுத்து வரும் ஆள் 8000 பைட்டில் பிங் அடிக்கட்டும்; மறுகோரிக்கை எண்ணிக்கை ஏறுகிறதா என்று வகுப்பு நடக்கும்போது பார்க்கட்டும். இதற்கு அரை மணி போதும். புதிய சர்வர் வாங்கத் தாங்கள் அனுப்பியுள்ள மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.