மூன்றரை ஓட்டமும் ஒரு சிட்டிகை பவுடரும்: வடசென்னைக் கேரம் பலகையின் வழவழப்பு குறித்த ஆய்வுரை

ஆய்வேடு என்றால் முதல் இயல் இடவரலாறு. மீறினால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே: இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. அதற்கும் கேரம் பலகைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. முதல் இயல் முற்றிற்று.

இரண்டாம் இயல், முன்னோர் ஆய்வுகள். பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பவுலிங் ஆடும் நாடுகளில் அந்தப் பந்தையே உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். அங்கே ஆடுதளம் 60 அடி நீளம். முன்பகுதியில் எண்ணெய் பூசியிருக்கும். 500 எண் தாளில் தேய்த்த பந்து சொரசொரத்துச் சீக்கிரமே வளையும். 4000 எண் தாளில் தேய்த்தது எண்ணெயில் வழுக்கி நெடுந்தூரம் போய்க் கடைசியில்தான் வளையும். ஆட்டம் தொடங்குமுன் தேய்த்தால் அது கலை, நடுவில் தேய்த்தால் குற்றம். கிரிக்கெட்டில் எப்போது தேய்த்தாலும் குற்றம்: 2018 மார்ச்சில் கேப் டவுனில் ஒரு மஞ்சள் துண்டு உப்புத்தாள் பந்தைத் தேய்த்ததோ இல்லையோ, ஆஸ்திரேலிய அணித் தலைவரின் பதவியைத் தேய்த்துவிட்டது.

வடசென்னை இந்த வம்புக்கே போகவில்லை. உருளுவதையும் ஓடுவதையும் விட்டுவிட்டுத் தரையைத் திருத்தியது. 15 கிராமுக்கு மேற்படாத ஸ்டிரைக்கர் அப்படியே இருக்கும். 74 சென்டிமீட்டர் சதுரப் பலகைக்குத்தான் வைத்தியம்.

வைத்தியம் மூவகைப்படும்.

முகப்பவுடர்: வாசனை வரும், காய் வராது.

பவுடரே போடாதது: ஆராயத் தக்கதன்று.

போரிக் பவுடர்: இதுவே தலையாயது. போரிக் அமிலத்தின் படிகம் அடுக்கடுக்கானது. அடுக்குகளுக்கிடையே பிடிமானம் குறைவு என்பதால் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். அந்தச் சறுக்கலில்தான் ஸ்டிரைக்கர் பறக்கிறது. இதையே சர்க்கரையோடு கலந்து மூலையில் வைத்தால் கரப்பான் சாகும். ஆக, காணாமல் போன டப்பாவைக் கிளப்பில் தேடுவதா, அடுப்படியில் தேடுவதா என்பது தனி ஆய்வுக்குரியது. (காண்க: கிளப் சுவர், கிழக்குப் பக்கம், சாக்பீஸ் பதிப்பு, 'பவுடர் பாக்கி' என்ற தலைப்பின் கீழ் 4ஆவது வரி.)

சாயங்காலக் கடல்காற்று வந்தால் பலகை ஈரம் பிடித்து இழுக்கும். தலைக்கு மேலே தாழத் தொங்கும் பல்பு வெளிச்சத்துக்காக மட்டும் எரியவில்லை. அப்போது ஒலிக்கும் "இன்னாடா போர்டு இப்டி இழுக்குது? ஒரு சிட்டிகை தட்டு" என்னும் வாக்கியத்தை நாட்டார் வழக்காற்றியலில் சேர்ப்பதா, பொருளறிவியலில் சேர்ப்பதா என்பதில் துறைகளுக்கிடையே இழுபறி. நிதி எந்தத் துறைக்கு வருகிறதோ அந்தத் துறையில் சேர்க்கலாம் என்பது கற்றோர் துணிபு.

இனி இவ்வாய்வின் இதயம்: மூன்றரை.

பலகையின் வழவழப்புக்குப் பன்னாட்டு விதி ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஸ்டிரைக்கரை நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பலமாக அடித்தால் அது குறைந்தது 3½ முறை போய்வர வேண்டும். சென்னையில் 1988இல் தோன்றிய பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பின் காலத்து விதி என்பதால் இதைத் தமிழ் மரபின்படியே அணுக வேண்டும். அதாவது, சண்டை போட வேண்டும். 'போய்வருதல்' என்பது ஒரு குறுக்கோட்டமே என்பர் ஒருவழியார்: 259 சென்டிமீட்டர். போவதும் வருவதும் சேர்ந்தே ஒன்று என்பர் இருவழியார்: 518. ஸ்டிரைக்கருக்கும் 4.13 சென்டிமீட்டர் உடம்பு உண்டே, அது சட்டத்தைத் துளைத்துக்கொண்டா போகும் என்று கேட்டு, ஓர் ஓட்டத்துக்கு 69.87 வீதம் 244.5 என்று முடிப்பர் கழித்தற் பள்ளியார். அந்த 'அரை' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டவர் எந்தக் கட்சியிலும் சேர்க்கப்படவில்லை. (காண்க: மேற்படி சுவர், திருத்திய பதிப்பு, பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்புக்கு அடியில் உள்ள மூலபாடம், 'அரை' என்பது 'ஆரே' என வாசிக்கப்படும் பாடபேதம், அதற்கு எதிர்த்த டீக்கடை மாஸ்டர் கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்ன உரை, அவ்வுரைக்கு அவருடைய மச்சான் எழுதிய மறுப்புரை, அச்சேறாதது.)

'நல்ல ஆட்டக்காரர்' யார் என்பதும் விதியில் விளங்கவில்லை. சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளின் உலகச் சாம்பியன், 1996இல் அர்ஜுனா விருது பெற்றவர், ஐயமில்லை. ஆனால் திருவொற்றியூரில் ஒரு பலகை வாங்கும்போதெல்லாம் அவரைக் கூப்பிட முடியாது. கிளப்பில் பையன் ஒருவன் ஒரே ஒரு அடி அடித்துப் பார்க்கிறான். "ஓடுது, உக்காரு." மூன்று பள்ளிகளும் இதை ஆய்வுமுறையாக ஏற்கவில்லை, மேற்கோள் இல்லை என்பது காரணம்.

பழைய நூல்கள் உண்டா? உண்டு, கடல்கோளில் போயின. தமிழாய்வில் இவ்வொரு வாக்கியம் எத்தனையோ பேராசிரியர்களைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் இராயபுரத்தில் இது பாதி நிஜம். துறைமுகச் சுவர் வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட, தெற்கே மெரினா அகலமானது, வடக்கே கரை கரைந்தது. கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் கடலைத் தடுத்துவைத்திருக்கிறார்கள். தெருக்கள் போயின, வீடுகள் போயின. பவுடர் பற்றிய ஒரு நூல் போயிருக்காதா?

இறுதியாகச் சாம்பற்கோட்பாடு. அனல்மின் நிலையச் சாம்பலின் நுண்துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் கண்ணாடிக் கோளங்கள்; குட்டி பேரிங்குகள். எண்ணூரில் அவை தசாப்தங்களாக ஓடையிலும் கூரையிலும் மூச்சிலும் இலவசமாக விழுகின்றன. எனவே வடசென்னையின் கேரம் வெற்றிகளுக்குக் காரணம் திறமையன்று, சாம்பலே என்பது கோட்பாடு. மாசு என்று மக்கள் தவறாகப் புரிந்துகொண்டது உண்மையில் விளையாட்டுக் கட்டமைப்பு வசதி. இதை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்தால் சான்றிதழும் மதியச் சாப்பாடும் உறுதி.

சில சில்லறைத் தடைகள் உள. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நீதிமன்ற உத்தரவால் 2011இல் நின்றது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. கோட்பாட்டின்படி ஆட்டம் மந்தமாகியிருக்க வேண்டும். ஆனால் 2024இல் புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா உலகப் போட்டியில் 3 தங்கம் வென்றார். அதுவும் கலிபோர்னியாவில். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகச் சாம்பியனானதோ பிரான்சின் கான் நகரத்தில். இரண்டு ஊரிலும் எண்ணூர்ச் சாம்பல் கிடையாது.

கோட்பாட்டாளர்கள் அசரவில்லை. ஆட்டக்காரர்கள் சொந்த ஸ்டிரைக்கரைத்தானே கொண்டுபோகிறார்கள், சாம்பல் அதில் ஒட்டிக்கொண்டு விமானம் ஏறியது என்கிறார்கள். ஸ்டிரைக்கரைக் கழுவிவிட்டு ஆடச் சொல்லிப் பார்க்கலாமே என்று ஓர் இளநிலை ஆய்வாளர் கேட்டார். அவருடைய உதவித்தொகை நிலுவையில் இருக்கிறது.