கோட்டைத் தாண்டினால் திசை மாறும்

கேள்வி: வடக்கே புயல் ஒரு பக்கமும் தெற்கே எதிர்ப்பக்கமும் சுற்றுகிறதாமே, காற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பதில்: பூமிதான். தாழ்வழுத்தத்தை நோக்கிக் காற்று நேராகத்தான் ஓடப் பார்க்கிறது. அதற்குள் கீழே பூமி சுழன்றுவிடுவதால் வட அரைக்கோளத்தில் வலப்பக்கமும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமும் விலகிப்போகிறது. 1835-இல் இதற்குக் கணக்குப் போட்ட பிரெஞ்சுக்காரர் கோரியோலிஸ் நினைத்தது புயலை அல்ல, சுழலும் இயந்திரங்களை! விலகிய காற்று வங்கக்கடல் புயலில் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். ஆஸ்திரேலியப் புயலில் கடிகாரம் போலவே சுற்றும்.

நம் தென்மேற்குப் பருவக்காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தென் இந்தியப் பெருங்கடலில் கிளம்பும்போது அதன் பெயர் தென்கிழக்குக் காற்று. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து, தென்மேற்கிலிருந்து வந்து கேரளக் கரையில் மழையைக் கொட்டுகிறது. எல்லை தாண்டியதும் கட்சி மாறுவது அரசியல்வாதிகள் மட்டுமல்ல!

சரியாக நிலநடுக்கோட்டில் இந்த விலகல் கிடையாது. ஆனாலும் கென்யாவில், கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி நடந்து, ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் எதிரெதிராகச் சுழல்வதைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். பத்தடியில் பூமி அப்படியெல்லாம் வேலை செய்யாது. தண்ணீரை ஊற்றும் கைதான் செய்கிறது. அங்கே போனால் கைதட்டுங்கள், நம்பிவிடாதீர்கள்.