மவுஸைத் தொடக் கூடாது

‘கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் வரலாம்’ என்று நோட்டீஸ் ஒட்டிக் கூட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாதவர் ஒருவர் அதை நம்பி வந்து உட்காருவார். பேசுகிறவர், “எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்...” என்று ஆரம்பிப்பார். நம்மவர் கால் அப்போதே பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும்.

ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்குச் சென்னையில் 1998-இலிருந்து ஒரு பயனர் குழு இருக்கிறது. காஞ்சிபுரத்துக் குழு ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிறது. விழுப்புரத்திலும் ஒன்று உண்டு. பென்னாகரத்துக்கு என்ன குறைச்சல்? வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர், ஒகேனக்கல் பஸ்ஸில் கண் விழித்து “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கிற இடம், அவ்வளவுதான். நாங்களும் ஒரு சங்கம் வைக்கலாம் என்று ஒரு டியூஷன் சென்டரில் உட்கார்ந்தோம்.

பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்த தம்பி ஒருவன், முதல் கூட்டத்தின் தலைப்பை எழுதியே கொண்டுவந்திருந்தான்: ‘லினக்ஸ் கெர்னலின் உள்கட்டமைப்பு’.

“யாராச்சும் வருவாங்களா தம்பி?”

“வரமாட்டாங்கண்ணா. ஆனா தலைப்பு வெயிட்டா இருக்கும்.”

நான் வைத்த தலைப்புக்கு வெயிட்டே கிடையாது: ‘கையெழுத்தை இருபது கேபிக்குள் அடக்குவது எப்படி?’ டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட்டவர்களுக்கு இந்த வலி தெரியும். போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. போனில் எடுத்த படமோ மூன்று நாலு எம்பி. பிரவுசிங் சென்டரில் முப்பது ரூபாய் கொடுத்தால் சுருக்கித் தருவார்கள், எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தின் அளவைக் குறைத்து, ஜேபெக்காக எக்ஸ்போர்ட் பண்ணப் போனால் ஒரு ஸ்லைடர் வரும். முன்னோட்டத்தை டிக் செய்துவிட்டு அதை இழுத்தால் கேபி இறங்குவது கண்ணெதிரே தெரியும். முதல் கூட்டத்தில் ஒரு அக்கா இழுத்த வேகத்தில் ஒன்பதுக்குப் போய்விட்டார். ஒன்பதும் ஆகாது என்றதும், “அதிகமா இருந்தாலும் திட்டுறான், கம்மியா இருந்தாலும் திட்டுறான், எங்க மாமியா மாதிரி” என்றார். அன்றைய சிறப்புரை அதுதான்.

அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டோம். சொல்லிக் கொடுக்கிறவர் மவுஸைத் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால்தான் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. எதிரே இருப்பவர் பொத்தானைச் சுற்றிச் சுற்றி வருவார், கிளிக் மட்டும் பண்ண மாட்டார். பெங்களூர்த் தம்பிக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. ஆனால் அவன் இரண்டே கிளிக்கில் முடித்துக் கொடுத்திருந்தால், அந்த அக்கா அடுத்த விண்ணப்பத்துக்கு மறுபடி முப்பது ரூபாயோடு பிரவுசிங் சென்டருக்குத்தான் போயிருப்பார்.

தலைப்பு கிடைக்க இன்னொரு வழியும் உண்டு. 1975 மார்ச் 5-ஆம் தேதி கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில், ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. பின்னாளில் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் அந்த முதல் கூட்டத்திலேயே இருந்தார். பிறகு வந்த கூட்டங்களில், தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று ஆளாளுக்கு எழுந்து சொல்வார்கள். அப்புறம் கூட்டம் கலைந்து, அவரவர் தேவைப்பட்ட ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். நாங்களும் அப்படியே கேட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் பரணிலிருந்து இறக்கிய லேப்டாப்போடு வந்துவிட்டார்கள்.

2011-இல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப்தான். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் பண்ணினால் எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் அதைக் கடையில் கொடுத்து, “கேள்வி கேக்காத மாதிரி பண்ணிக் குடுங்கண்ணா” என்று வாங்கிப் போனார்கள். விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. இந்தக் கிழங்களுக்குப் பதினொன்றை நினைத்தும் பார்க்க முடியாது. லுபுண்டு மாதிரி இலேசான லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் பேட்டரி செத்துப் போயிருந்ததால், கூட்டத்துக்கு முதல் தேவை புரொஜெக்டர் அல்ல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

எக்செல் மாதிரியானவற்றுக்கு மாதச் சம்பளப் பட்டியலை உதாரணம் காட்டுவார்கள். சம்பளம் இருந்தால்தானே? எங்களுக்கு பிலிகுண்டுலு இருக்கிறது. காவிரியில் அங்கே எத்தனை கன அடி வருகிறது என்பதை வைத்துத்தான் பரிசல் ஓடுமா, மீன் வறுக்கிறவருக்கு அன்று வியாபாரம் உண்டா என்பதெல்லாம். தினமும் அந்த எண்ணை லிப்ரெஆபிஸ் கால்க்கில் போட்டு வரைபடம் எடுத்தபோது, பரிசல் ஓட்டுகிற ஒரு அண்ணன் கோடு ஏறுகிற இடத்தை விரலால் தொட்டு, “இந்த வாரம் பூரா சும்மா உக்காந்திருந்தேன்” என்றார். வரைபடம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்99 விசைப்பலகைக்கும் ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறோம். அதில் பென்னாகரம் என்று அடிக்க ஒன்பதே தட்டு. ‘ன’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘ன’வுக்குத் தானாகவே புள்ளி விழும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய பெரியவர் ஒருவர் எதிர்த்து வாதாட இப்போதே தயாராகிறார். கூட்டம் களைகட்டும்.

தம்பியின் கெர்னலுக்கும் தேதி கொடுத்தாகிவிட்டது. ஆடிப் பதினெட்டு. அன்றைக்கு ஊரே ஒகேனக்கல்லில் இருக்கும்.