கல்லடி வாங்கும் உத்தியோகம்

2023 மே 12 அன்று வெளியான 'த லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' வீடியோ கேமில், நாயகன் லிங்க்குக்கு வலது கை பழுதாகி, ரௌரு என்ற பழைய ராஜாவின் கை வந்து சேர்கிறது. அதன்பின் அவனுக்குக் கிடைக்கும் வித்தைகளில் ஒன்று ரீகால். கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளை, அது வந்த வழியிலேயே பின்னோக்கி ஓட வைப்பது. அதை எப்படிக் கையாள்வது என்று ஆடுகிறவர்கள் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். அடி வாங்குகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எல்டின் மலைச்சரிவில் பாதி உடம்பை மண்ணில் புதைத்துக்கொண்டு கல் துப்பும் ஆக்டோராக் ஒன்றும், வானத் தீவில் லிங்க்குக்குப் பாடம் நடத்திய யந்திரப் பணியாள் ஒருவரும் பேசிக்கொண்டது கீழே.

பணியாள்: வணக்கம். ரீகால் பயிற்சியின் களப் பயன்பாடு குறித்த ஆய்வுக்கு வந்திருக்கிறேன். தங்கள் பெயர், பதவி, பணியில் சேர்ந்த ஆண்டு?

ஆக்டோ: பேரு ஆக்டோராக். பதவி, கல் துப்புறது. சேர்ந்தது 1986.

பணியாள்: 1986 என்றால், முதல் ஸெல்டா விளையாட்டு வந்த ஆண்டு அல்லவா?

ஆக்டோ: அதேதான். கியோட்டோ கம்பெனிக்காரங்க இந்தக் கதையை ஆரம்பிச்ச அன்னிக்கே என்னைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க. அப்ப எனக்கு உடம்பே மொத்தம் 16-க்கு 16 புள்ளிதான். இப்ப தோல் சுருக்கம்கூடத் தெரியுது. வேலை மட்டும் மாறலை. துப்பு, முங்கு, சாவு. செத்தாலும் விடமாட்டாங்க, ரத்த நிலா வந்ததும் மறுபடி டியூட்டி. ஓய்வூதியம்னு வாயைத் திறந்தா, அதுக்கு நிரந்தரமா சாகணும்னு சொல்றாங்க.

பணியாள்: குறைகளைத் தனிப் படிவத்தில் எழுதித் தரவும். இந்தப் படிவம் ரீகாலுக்கானது. மூன்று கட்டம்: போர், புதிர், போக்குவரத்து. வீரர் இந்த வித்தையை எந்தக் கட்டத்தில் எப்படிப் பயன்படுத்தினார் என்று தாங்கள் சொல்ல வேண்டும்.

ஆக்டோ: 'இதர'ன்னு ஒரு கட்டம் இல்லையா?

பணியாள்: தேவையில்லை. பாடத்திட்டம் முழுமையானது.

ஆக்டோ: நீங்க வேலைக்குப் புதுசு தம்பி. சரி, போரைப் போடுங்க. என் கல்லைத் திருப்பி அனுப்புறது அவனுக்குப் புதுசே இல்ல. 1998-ல 'ஒக்கரினா ஆஃப் டைம்' வந்தப்பவே கேடயத்தைக் காட்டுவான், கல்லு பட்டு என் மூஞ்சிக்கே வரும். 2017-ல வந்த ஸெல்டா ஆட்டத்துல வேற மாதிரி. நான் மூச்சை உள்ள இழுக்கிற நேரமாப் பார்த்து வெடிகுண்டை உருட்டிவிட்டான். விழுங்கினேன். அப்புறம் நடந்தது எனக்கு ஞாபகமில்லை, ஞாபகம் வச்சிக்க மண்டை இல்ல.

பணியாள்: வருந்துகிறேன். ஆனால் ரீகால் அவற்றினும் மேம்பட்டது. பொத்தானை அழுத்தியவுடன் உலகம் நின்றுவிடும், நிறம் மங்கிவிடும். திருப்பக்கூடிய பொருட்கள் மட்டும் ஒளிரும். குறி வைத்த பொருள் எந்த வழியாக வந்தது என்ற தடமும் தெரியும். உறுதி செய்ததும் அந்தப் பொருள் மட்டும் பின்னோக்கிப் போகும், மற்ற உலகம் எப்போதும்போல முன்னோக்கிப் போகும். விதி 1: ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். விதி 2: உயிருள்ளவற்றிடம் செல்லாது. விதி 3...

ஆக்டோ: உலகம் நிக்கிறப்பவே அவன் தப்புப் பண்ணுவான், அது உங்க புத்தகத்துல இருக்கா?

பணியாள்: இல்லை. உலகம் நிற்கும்போது அவசரப்பட என்ன இருக்கிறது?

ஆக்டோ: அதைத்தான் சொல்ல வர்றேன். முதல்ல வந்தப்ப, கல்லு மண்டையில பட்டுத் தூளான பிறகு தேடுறான். தூளானதை எங்கே திருப்புறது? பக்கத்துல எது ஒளிருதோ அதைப் பிடிச்சான். அது இவன் சித்த முன்னாடி விறகுக்கு வெட்டினப்ப சரிவுல உருண்டு ஓடின மரத்தடி. ரீகால் குடுத்ததும் அது விடுவிடுன்னு மலையேறி வந்து இவனையே கீழே தள்ளிட்டுப் போச்சு. நான் துப்பினது ஒரு கல்லு, வாங்கினது ரெண்டு அடி. எனக்கே பாவமா இருந்துச்சு. அடுத்த தடவை கல்லைச் சரியாப் பிடிச்சிட்டான். ஆனா நான் துப்பினவுடனே முங்கிடுவேன்ல? கல்லு நேரா என் வாய் இருந்த இடத்துக்கு வந்து, வாயைக் காணாம அந்தரத்துல நின்னு, அப்புறம் தொப்புனு விழுந்துச்சு. அவன் கோபத்துல கையில இருந்த கட்டையைத் தூக்கி எறிஞ்சான். பிறகு அதைப் பொறுக்கப் போனான்.

பணியாள்: (எழுதிக்கொண்டே) போர். தோல்வி. காரணம், பயிற்சிக் குறைவு.

ஆக்டோ: பயிற்சி இல்ல தம்பி. வேகம் இருந்தாப் போதும்னு நினைச்சான். கேடயத்துக்குத்தான் வேகம் வேணும், கல்லு வர்ற கணத்துல கை ஏறணும். இதுல காத்திருக்கத் தெரியணும். அப்புறம் ஒருநாள் கல்லை ஓரமா ஒதுங்கி விட்டுட்டு, நான் எட்டிப் பார்க்கிற வரைக்கும் சும்மா நின்னான். எனக்கு இந்தக் குணம் ஒண்ணு, துப்பின கல்லு பட்டுச்சா இல்லையான்னு பார்க்காம இருக்க முடியாது. மறுபடி துப்பினேன். வாயை மூடுறதுக்குள்ள கல்லு வீடு திரும்பிடுச்சு. 37 வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு அடி வாங்கினதில்ல.

பணியாள்: பாராட்டுகிறீர்களா, புகார் செய்கிறீர்களா?

ஆக்டோ: அடி வாங்கினவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு எரிச்சல் இவன் மேல இல்ல, வீடியோ பார்த்துட்டு வர்றவங்க மேல. அவங்க கையில லிங்க் இருந்தா நடையிலேயே தெரிஞ்சிடும். குறிப்பிட்ட பாறை பக்கத்துல வந்து நிப்பான், குறிப்பிட்ட கோணத்துல திரும்புவான், கல்லு வேற பக்கம் போயிட்டா திகைச்சுப் போயி நிப்பான். நான் என்ன அந்த வீடியோவுல நடிச்ச ஆக்டோராக்கா?

பணியாள்: செயல்முறை ஒன்றே எனில் விளைவும் ஒன்றே ஆக வேண்டும். போகட்டும், போக்குவரத்துக்கு வருவோம். வானத்திலிருந்து பாறைத் துண்டுகள் இங்கே விழுவதுண்டு அல்லவா? அதன்மேல் ஏறி நின்று ரீகால் கொடுத்தால், விழுந்த வழியே மேலே போய்ச் சேரலாம். தயாரிப்பாளர் எய்ஜி ஆவோனுமா 2023 மார்ச்சில் இந்த விளையாட்டைத் தாமே ஆடிக் காட்டியபோது, வித்தைகளில் முதலாவதாகக் காட்டியது இதைத்தான்.

ஆக்டோ: பார்த்திருக்கேன். பாறை விழுந்து சும்மா கிடக்கும். இவன் சாவகாசமா வந்து, பக்கத்துல சோறாக்கித் தின்னுட்டு, அப்புறம் ஏறுவான். அப்பவும் போகுதே, எப்படி?

பணியாள்: அசையாமல் கிடந்த நேரம் கணக்கில் சேராது. அசைந்தது மட்டுமே பதிவாகும்.

ஆக்டோ: நல்லவேளை, இந்த விதியை எங்க சர்வீஸ் புக்குல சேர்க்கலை. சேர்த்தா எனக்கு மொத்தமே ஒரு வாரம்தான் தேறும். அது சரி, ஆத்துல தெப்பம் தனியாப் போயிட்டா அதையும் இதே வித்தையாலதான் கூப்பிட்டுக்கிறான். தண்ணிக்கு எதிரா அது மேலே ஏறி வர்றதைப் பார்த்து மீனெல்லாம் ஒதுங்குது. அது போக்குவரத்தா, திருட்டுப்போனதை மீட்கிறதா?

பணியாள்: (சற்றுத் தயங்கி) போக்குவரத்து. இப்போது புதிர். இதில்தான் எனக்கு மனவருத்தம். ரௌரு மன்னரும் சோனியா அரசியும் இந்த வீரருக்காக விட்டுச்சென்ற ஆலயங்கள் 152. காலத்தை ஆளும் சக்தியே சோனியா அரசியுடையது. சுழலும் சக்கரத்தைத் திருப்பிச் சுழற்று, உருளும் உருண்டையைத் திரும்ப உருட்டு என்று படிப்படியாக அறிவை வளர்க்கும் ஏற்பாடு. இவர் என்ன செய்கிறார் தெரியுமா?

ஆக்டோ: பலகை.

பணியாள்: ஆம், பலகை! அல்ட்ராஹேண்ட் என்ற இன்னொரு வித்தையால் ஒரு பலகையைத் தூக்கி உயரே காட்டுகிறார். பிறகு கீழே வைக்கிறார். அதன்மேல் ஏறி நின்று ரீகால். பலகை தான் போய்வந்த உயரத்துக்குத் திரும்பவும் போகிறது, இவரையும் சுமந்துகொண்டு. அங்கிருந்து பாராகிளைடரை விரித்துப் புதிரின் தலைக்கு மேலேயே பறந்து மறுபக்கம் போய் இறங்கிவிடுகிறார். சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்தவர்களுடைய நெஞ்சு என்ன பாடுபடும்!

ஆக்டோ: செஞ்சவங்க நெஞ்சு ஒண்ணும் படலை. அவங்க வேணும்னுதானே கதவைத் திறந்து வச்சிருக்காங்க. 2022 மார்ச்ல இந்த ஆட்டம் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு தள்ளி வச்சாங்களே, எதுக்கு?

பணியாள்: செம்மைப்படுத்த. 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் இந்த விளையாட்டைக் கட்டிய விதத்தைப் பொறியாளர்களே விளக்கினார்கள். முன்வகுத்த அசைவில் இயங்கிய கதவு, பல்சக்கரம் எல்லாவற்றையும் எடைக்கும் விசைக்கும் கட்டுப்பட்டவையாக மாற்றினார்களாம். இல்லாவிட்டால் வீரர் நடுவில் எதையாவது செருகும்போது ஒன்று மற்றொன்றை ஊடுருவிப் போய்விடும்.

ஆக்டோ: பாருங்க. யாரு எதைச் செருகுவான்னு தெரியாம, எதைச் செருகினாலும் தாங்குற மாதிரி கட்டியிருக்காங்க. அப்புறம் அவன் செருகினா நீங்க ஏன் அழறீங்க? இன்னொண்ணு சொல்றேன். கூரையைத் துளைச்சு மேல வர்றானே, அசெண்ட்னு ஒரு வித்தை, அது எப்படி வந்துச்சு?

பணியாள்: (தாழ்ந்த குரலில்) குகைகளைச் சோதித்தவர்கள் திரும்பி நடந்துவரச் சோம்பல்பட்டு, வெளியே வருவதற்கு வைத்திருந்த உள்வழி. இயக்குநர் ஹிதேமாரோ புஜிபயாஷி அதையே வித்தையாக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆக்டோ: ஆக, ஆபீஸ்காரங்க போட்ட குறுக்குவழி வித்தை, ஆடுறவன் போட்டா திருட்டு.

பணியாள்: பாடத்திட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஐயா!

ஆக்டோ: இருக்கட்டும். 2017-ல ஸ்டேசிஸ்னு ஒண்ணு இருந்துச்சு. பொருளை உறைய வச்சு அடிச்சா, உறைஞ்சது விட்டதும் பாய்ஞ்சு போகும். அடிச்ச மரத்தடி மேலேயே ஏறி உக்காந்து மலையைத் தாண்டிப் பறந்தவங்களை நான் பார்த்திருக்கேன். பாடத்திட்டத்துல 'மரத்தடிப் பயணம்'னு ஒரு அத்தியாயம் இருந்துச்சா? அதை ஆடினவங்கதான் எழுதினாங்க. இந்த ரீகாலும் அப்படித்தான். இது என்ன செய்யும்னு மனப்பாடம் பண்ணவன் சக்கரத்தைக் கண்டா மட்டும் பொத்தானை அமுக்குவான். ஒரு பொருள் இதுக்கு முன்னாடி எங்கெங்க போயிட்டு வந்துச்சுன்னு கவனிக்கிறவன் பலகையிலயே படிக்கட்டு கட்டிக்கிறான். போன பாதை இல்லாத இடத்துல, கையால தூக்கிக் காட்டிப் பாதையை உண்டாக்கிக்கிறான் பாருங்க, அங்கதான் பையன் தேறிட்டான். சொல்லப்போனா எனக்கு அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு.

பணியாள்: ஒரு குறையையாவது ஒப்புக்கொள்வீர்களா? 2003-இல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வந்தது. அதில் இளவரசன் தவறி விழுந்தால் காலத்தையே திருப்பி, தான் விழுந்ததை விழாததாக்கிக்கொள்வான். எங்கள் ரீகாலில் அது இல்லை. பொருள் திரும்பும், வீரர் திரும்பமாட்டார்.

ஆக்டோ: அதுவா குறை? பலகை மேலே போகும், இவன் கால் வழுக்கிக் கீழே வருவான். பலகை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எனக்கு இந்த வேலையில இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அது. அதையும் திருத்திடாதீங்க.

(இந்த இடத்தில் லிங்க் வருகிறான். இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தத் தொடரின் முக்கிய விளையாட்டுகளில் அவனை வசனம் பேசவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அது நல்ல முடிவு என்பது என் கட்சி. பணியாள் ஓடிச்சென்று வழிமறிக்கிறார்.)

பணியாள்: வீரரே! ரீகாலின் மூன்று விதிகளை நினைவூட்ட... அவர் என்ன செய்கிறார்? என் வாய் அசைகிறது, சொல் வரவில்லையே!

ஆக்டோ: உங்க வசனத்தைத் தாண்டிட்டான். 'தவிர்'னு ஒரு பொத்தான் உண்டு. பரவாயில்லை, எல்லாருக்கும் நடக்குறதுதான். ஐயையோ, தேய்ஞ்ச கத்தியைக் கீழே போடுறான். வேணாம்டா, வேணாம்...

(ஆக்டோராக் மூச்சை உள்ளிழுக்கிறது. கத்தி வாய்க்குள் போகிறது. மென்று துப்புகிறது. கத்தி புதிதாகப் பளபளக்கிறது. லிங்க் எடுத்துக்கொள்கிறான்.)

பணியாள்: இது என்ன?

ஆக்டோ: சாணை பிடிக்கிற சைடு பிசினஸ். ஒரு ரத்த நிலாவுக்கு ஒரு ஆயுதம். கூலி கிடையாது, அதே கத்தியால என்னையே வெட்டுவான். இன்னிக்கு வெட்டலை, வேற ஏதோ அவசரம் போல. அங்க பாருங்க, பலகையைத் தூக்குறான்.

பணியாள்: இதோ, நேரடிச் சான்று! அருகில் நின்று குறிப்பெடுக்கிறேன். உயரே தூக்கினார்... இறக்கினார்... ஏறினார். நானும் ஏறிக்கொள்கிறேன், அளவு சரியாகத் தெரியும்.

ஆக்டோ: தம்பி, வேணாம், இறங்குங்க!

பணியாள்: நகர்கிறது! அற்புதம்! ஆனால் இங்கே புதிர் எதுவும் இல்லை. எதிரியும் இல்லை. இவர் எங்கேயும் போவதாகவும் தெரியவில்லை. மேலே ஒரு பாறை இடுக்கில் ஏதோ காளான் முளைத்திருக்கிறது, அதைப் பறிக்கிறார். ஐயா! இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆக்டோ: (அண்ணாந்து பார்த்துக் கத்துகிறது) ஓரத்துல கோடு போட்டு நீங்களே ஒரு கட்டம் கட்டிக்கோங்க தம்பி! அப்படியே அவன் குதிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பாறையைப் பிடிச்சுக்கோங்க, நேரம் முடிஞ்சா பலகை நிக்காது!